மச்சான் கேட்ட ரிவோல்வர்

சப்ரகமுவத் தோட்டங்களில் பிறந்தவனுக்குத் துவக்கு என்பது எப்போதும் இன்னொருவரின் சாமான். துரையுடையது, வாட்ச்சருடையது, பொலிஸுடையது, ஆமியுடையது, இருட்டில் வந்து கதவைத் தட்டியவனுடையது. எங்கள் கையில் இருந்ததெல்லாம் கவ்வாத்துக் கத்தியும் பால்வெட்டுக் கத்தியும்தான். ஆகவே, இரத்தினபுரியில் கல் வியாபாரம் செய்யும் என் மச்சான், மனைவியின் தம்பி, ரிவோல்வர் ஒன்று வாங்கப்போவதாகச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கவில்லை.

"சின்னது வேணாம் மச்சான். பெருசா ஒன்னு. ஒரு வெடிக்கு ஆளு விழுந்துறணும். ரெண்டாவது வெடிக்கு நேரம் கெடைக்காது பாருங்க."

"யாருக்கு நேரம் கெடைக்காது? ஒனக்கா, அவனுக்கா?"

"அதத்தான் ஒங்ககிட்ட கேக்குறேன்."

கேட்டதில் நியாயம் இருக்கிறது. மடியில் கல்லும் பையில் காசுமாகப் பெல்மதுளைக்கும் கொழும்புக்கும் போய்வரும் ஆள் அவன். கூடத் தொழில் செய்த ஒருவரை வழிமறித்துப் பறித்திருக்கிறார்கள். வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். சொந்த வீடு, சொந்தக் காணி, வருமான வரிக் கோப்பு எல்லாம் வைத்திருக்கிறான். லயத்துக் காம்பராவில் பிறந்த ஒருவன் பாதுகாப்பு அமைச்சுக்கு எழுதி, என் உயிருக்கு ஆபத்து இருக்கிறது, ஆயுதம் தாருங்கள் என்று கேட்கும் இடத்துக்கு வந்திருப்பதை வளர்ச்சி என்றே ஒருவர் சொல்லலாம். எங்கள் அப்பாமாரின் உயிருக்கு ஆபத்து இருந்த காலத்தில் அவர்களுக்குப் பிரஜாவுரிமையே இருக்கவில்லை.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்ததில் பாதிக்கு மேல் அவனைப் பற்றியதாக இல்லாமல் போய்விட்டது.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் துவக்கு வாங்குவது கடைக்குப் போய்க் காசு கொடுக்கிற காரியம் இல்லை. அடிப்படைச் சட்டம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். 1996இன் 22ஆம் இலக்கத் திருத்தம் தண்டனைகளை இறுக்கியது. பயிர்க்காவலுக்குச் சொட்கன் என்றால் மாவட்டச் செயலகம். எங்கள் வாயில் அது இன்னும் கச்சேரிதான். ரிவோல்வர், பிஸ்டல் என்றால் பாதுகாப்பு அமைச்சு. எதுவானாலும் டிசம்பர் 31உடன் லைசன் முடிந்துவிடும். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். கொடுத்ததை அரசு திரும்பக் கேட்கவும் செய்யும். 2024 நவம்பரில், தற்காப்புக்கென்று பொதுமக்களுக்கு வழங்கிய ஆயுதங்களை எல்லாம் மீளாய்வுக்காக வெலிசறையிலுள்ள கடற்படைப் பிரிவில் ஒப்படைக்கும்படி அமைச்சு அறிவித்தது. யாருக்கு உண்மையில் ஆபத்து, யாருக்கு வெறும் அந்தஸ்து என்று பிரித்துப் பார்த்த பிறகே திருப்பித் தருவது பற்றிய பேச்சு. இதை மச்சானுக்குச் சொன்னபோது அவன் முகம் சுண்டிப்போனது. சொந்தமாகப் போகிறது என்று நினைத்த பொருள் வருடக் குத்தகைதான் என்று தெரிந்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

பெரிய ரிவோல்வர் ஒன்றை நான் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். 1970ஆம் வருடம், கேகாலைப் பக்கத்து றப்பர் தோட்டம் ஒன்று. அப்பா ஆபீஸில் கிளாக்கர். தோட்டம் அப்போதும் ஸ்டேர்லிங் கம்பனிக் கையில், துரை வெள்ளைக்காரர். அவர் ஊரில் இல்லாத ஒரு பின்னேரம் பங்களாவின் பின் விறாந்தையில், அங்கே வேலை செய்த அப்பு பழைய பத்திரிகையை விரித்து அதைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருடைய மகன் என்னோடு படித்தவன். அந்தச் சலுகையில் நானும் குந்தியிருந்து பார்த்தேன். வெப்ளி. பிடியின் அடியில் கழுத்துக் கயிறு கோக்க ஒரு வளையம். அப்பு பெருவிரலால் பக்கத்தில் இருந்த ஒரு நெம்பை அமுக்கினார். துவக்கு நடுவில் ஒடிந்து வாய் பிளந்தது. பிளக்கும்போதே உருளையின் நடுவிலிருந்து நட்சத்திர வடிவத் தகடு ஒன்று எழும்பி ஆறு ரவையையும் ஒருசேர மேலே தள்ளியது. பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. ஒவ்வொன்றும் என் நடுவிரல் பருமன்.

ரவை எல்லாவற்றையும் எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "புடிச்சுப் பாரு" என்று கையில் தந்தார். ஒரு கிலோவுக்கு மேல் பாரம். இரண்டு கையாலும் பிடித்து, இரண்டு விரலைக் கொடுத்து விசையை இழுத்தேன். அசையவில்லை. அப்பு சிரித்தார். வாங்கித் தன் பெருவிரலால் குதிரையைப் பின்னுக்கு இழுத்து நிறுத்திவிட்டு மறுபடி தந்தார். இந்தத் தடவை விரல் பட்டதும் டக்கென்று விழுந்தது. நான் திடுக்கிட்டுக் கைவிடப் பார்த்தேன்; அவர் பிடித்துக்கொண்டார்.

டபுள் அக்‌ஷன் என்பது நான் முதலில் இழுத்துப் பார்த்த அந்த இழுப்புத்தான். ஒரே விசை இரண்டு வேலை செய்யும்: இழுக்க இழுக்க உருளையைத் திருப்பிக் குதிரையைத் தூக்கும், முடிவில் குதிரையை விழுத்தும். ஒவ்வொரு வெடிக்கும் கையால் குதிரையைப் பின்னிழுக்கத் தேவையில்லை. 1851இல் இலண்டனில் ரொபர்ட் அடம்ஸ் விசையாலேயே குதிரையைத் தூக்கும் ரிவோல்வரைக் கொண்டுவந்தார். 1856இல் போமொன்ட் செய்த திருத்தத்தோடு கையால் இழுத்தும் சுடலாம், விசையாலும் சுடலாம் என்று வந்தது. விலை என்னவென்றால் விசையின் கனம். விரலின் பலம் முழுவதும் இழுப்பதிலேயே போய்விடும், கை ஆடும், குறி தவறும். பெரிய ரவை என்றால் உதையும் சேர்ந்துகொள்ளும். பழகியவன் கையில் அது ஆயுதம். வருடத்துக்கு ஒருமுறை அலுமாரியிலிருந்து எடுத்துத் துடைக்கிறவன் கையில் அது என்ன என்பதை மச்சான்தான் சொல்ல வேண்டும்.

பெரிய ரவை ஏன் வந்தது என்ற கதையை அவனுக்கு விரிவாகவே சொன்னேன். வெப்ளியின் ரவை விட்டம் பொயிண்ட் 455 அங்குலம். பிரிட்டிஷ் இராணுவம் 1887இல் அதை எடுத்துக்கொண்டது. காலனிகளில் நடந்த சண்டைகளில், சுடுபட்ட பிறகும் ஆட்கள் ஓடிவந்து வெட்டுகிறார்கள், சின்ன ரவை அவர்களை நிறுத்தவில்லை என்ற முறைப்பாடு அப்போது பலமாக இருந்தது. 1898இல் அதே ரிவோல்வருக்கு 'மேன்ஸ்டொப்பர்' என்று பெயர் வைத்தே ஒரு ரவை செய்தார்கள்; நுனி குழிந்து, உடம்புக்குள் போய் விரியும். 1899இல் ஹேக் மாநாடு விரியும் ரவைகளைத் தடைசெய்ய, அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. ஐரோப்பியன் ஐரோப்பியனைச் சுடக் கூடாது என்ற ரவை அது. யாரை நிறுத்த அது செய்யப்பட்டதோ அந்த வரிசையில் எங்கள் பூட்டன்மாரும் நின்றிருந்தார்கள். ஒரு வெடிக்கு ஆள் விழுந்துவிட வேண்டும் என்று மச்சான் சொன்னானே, அது அவனுடைய வசனம் இல்லை. துரைமாருடைய வசனம், நூறு வருடம் கழித்து லயத்துப் பிள்ளையின் வாய்க்கு வந்து சேர்ந்திருக்கிறது. அவனைக் கேட்டால் சினிமாவில் பார்த்தேன் என்பான். 1971இல் வந்த 'டேர்ட்டி ஹரி' படத்துக்குப் பிறகு பொயிண்ட் 44 மெக்னம் உலகத்துக்கே பித்துப் பிடிக்க வைத்த சாமானாகிவிட்டது உண்மைதான். ஆனால் கிளின்ட் ஈஸ்ட்வுட்டுக்கு வருடா வருடம் லைசன் கட்டும் கவலையோ, கிராம சேவகரிடம் கையெழுத்து வாங்கும் கவலையோ இருக்கவில்லை.

1971 என்றதும் எங்களுக்கு நினைவு வருவது வேறு படம். அதற்கு முன் 1915ஐச் சொல்ல வேண்டும்.

சப்ரகமுவவில் துவக்குப் பிடித்த துரைமாரின் சரித்திரத்தில் 1915 கேகாலை கறுப்புப் பக்கம். மே மாதக் கடைசியில் கண்டியில் தொடங்கிய சிங்கள-முஸ்லிம் கலவரம் கீழ்நாடு வரை பரவியது. ஜூன் 2ஆம் திகதி இராணுவச் சட்டம். பஞ்சாபிச் சிப்பாய்களோடு தோட்டத் துரைமாரும் ஆயுதத்தோடு இறங்கினார்கள். 1900இல் தொடங்கிய சிலோன் பிளான்டர்ஸ் ரைபிள் கோர் இருந்தபடியால் துரைமாருக்குத் துவக்கும் பயிற்சியும் ஏற்கெனவே இருந்தன. விசாரணையின்றிச் சுடப்பட்டவர்கள் பற்றிய முறைப்பாடுகள் கேகாலை மாவட்டத்திலிருந்து கிளம்பி, பின்னர் ஒரு விசாரணைக் குழு வரை போயின. பொன்னம்பலம் இராமநாதன் சட்டசபையில் பேசி, இலண்டனில் புத்தகமும் போட்டார். அடுத்த வருடம் வந்ததுதான் நான் மேலே சொன்ன சுடுகலன்கள் சட்டம். ஒன்றுக்கு மற்றது காரணம் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் மச்சான் நிரப்பப்போகும் விண்ணப்பத்தின் சட்டம் அந்தக் காலத்தில் பிறந்தது. யார் கையில் ஆயுதம் இருக்கலாம் என்று ஓர் அரசு பயத்தோடு யோசித்த காலம்.

எங்கள் ஆட்களை நோக்கித் துவக்குத் திரும்பியது பிறகு. 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்து வேலைநிறுத்தத்தில் பொலிஸ் சுட்டுக் கோவிந்தன் செத்தான். அது கண்டிப் பக்கம். ஆனாலும் கேகாலை றப்பர் மலைகளிலும் அவன் பெயர் தெரிந்திருந்தது. அடுத்த வருடம் மே மாதம், புப்புரஸ்ஸையில் ஸ்டெலன்பேர்க் தோட்டத்துத் துரை போப் இரவில் காரில் திரும்பும் வழியில் கொல்லப்பட்டார். வீராசாமியும் வேலாயுதனும் தூக்குமேடைக்குப் போனார்கள். அண்மைக்கு வந்தால் 2013 ஜூலையில் எங்கள் தெரணியகலையில் நூரித் தோட்டத்து அத்தியட்சகர் கொலை. அப்போதைய பிரதேச சபைத் தலைவரும் வேறு பலரும் அந்த வழக்கில் மேல் நீதிமன்றத்தில் மரண தண்டனை பெற்றார்கள். எழுபது வருட இடைவெளியில் இரண்டு தோட்டத் தலைவர்களின் சாவு. இரண்டிலும் எதிரே வந்தது கூட்டம். ரிவோல்வர் என்ற பொருளோ எதிரே ஒருவன் நிற்கிறான் என்று எண்ணிச் செய்யப்பட்டது.

1971 ஏப்ரல் 5ஆம் திகதி இரவு ஜே.வி.பி. நாடு முழுவதும் பொலிஸ் நிலையங்களைத் தாக்கியது. கேகாலை மாவட்டம் அதில் பெரிய களம். எங்கள் ஆட்கள் அந்தப் பையன்களைச் சேகுவேரா என்றுதான் சொன்னார்கள். அந்தக் காலமே இன்றும் சேகுவேராக் காலம். அவர்களின் ஐந்து வகுப்புகளில் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதம் பற்றியது. தோட்டத் தமிழனை அதன் ஆளாகப் பார்த்த வகுப்பு. ஆகவே லயத்துக்கும் அவர்களுக்கும் நடுவில் பெரிய உறவு இருக்கவில்லை. பாரிய ஆயுதம் எதுவும் அவர்களிடம் இல்லை. வீட்டில் செய்த குண்டும் வீடுகளிலிருந்து எடுத்த சொட்கன்னும்தான். எடுத்த என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். யாருக்கு லைசன் இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். துவக்கு இருக்கிற வீடு எது என்று தேடிப் போனார்கள். 1988, 89இலும் அதேதான் நடந்தது, இன்னும் கொடூரமாக. இரவில் கதவு தட்டப்படும். துவக்கைக் கொடு என்பார்கள். கொடுத்தால் மறுநாள் ஆமி வந்து ஏன் கொடுத்தாய் என்று கேட்கும். கொடுக்காவிட்டால் மறுநாள் என்பதே இல்லை. துவக்கை முன்கூட்டியே பொலிஸில் ஒப்படைத்து, கொடுத்துவிட்டேன் என்று ஊரறியச் சொல்லித் திரிந்தவர்களை எனக்குத் தெரியும். பங்களாவின் வெப்ளியும் சேகுவேரா வருடத்தில் அப்படித்தான் பொலிஸுக்குப் போனது. பிறகு அது எங்கே போனதென்று அப்புவுக்கும் தெரியாது.

பாதுகாப்புக்கு வாங்கிய பொருளே ஆபத்தை வீடு தேடி அழைத்து வரும் என்பதை இரண்டு தலைமுறை இந்த மாவட்டங்களில் அனுபவித்திருக்கிறது. மச்சானின் ரிவோல்வர் விஷயத்திலும் முதலில் தெரிந்துகொள்ளப்போவது கல் சந்தைதான். இடுப்பில் சட்டை தள்ளிக்கொண்டு நிற்பதை மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நிற்கிறவன் பார்க்காமல் இருப்பானா? கல்லோடு சேர்த்து அதையும் பறிக்க ஆள் வரும். களவுச் சந்தையில் அதற்கும் நல்ல விலை. 2025 பெப்ரவரி 19ஆம் திகதி அளுத்கடை நீதிமன்றத்தில், கூண்டில் நின்ற பாதாள உலகப் புள்ளி கணேமுல்ல சஞ்சீவவைச் சுட்டுக் கொன்றவன் சட்டத்தரணி வேடத்தில் வந்தான். புத்தகத்தின் தாள்களைக் குடைந்து உள்ளே ரிவோல்வர் கொண்டுவரப்பட்டிருந்தது. டி-56 துவக்கு மலிந்து கிடக்கும் நாட்டில், கிட்டப் போய்க் கொல்ல நினைப்பவனுக்கு இன்னும் ரிவோல்வர்தான் வசதி.

இதுவரை எழுதியது சுலபமான பகுதி. ரிவோல்வர் வேண்டாம் என்பதற்குக் காரணம் சொல்வது யாருக்கும் கஷ்டமில்லை. எனக்குள் இருந்து வேண்டும் என்று சொல்லும் குரல் ஒன்று இருக்கிறது. அதற்குப் பதில் சொல்லாமல் மச்சானுக்குப் பதில் சொல்ல முடியாது. அந்தக் குரல் பிறந்த வருடம் 1981.

தமிழருக்கு எதிரான கலவரம் 1977 ஆகஸ்டில் ஒருமுறை, 1981 ஆகஸ்டில் ஒருமுறை, 1983 ஜூலையில் ஒருமுறை. 77ஐப் பற்றிச் சன்சோனி ஆணைக்குழு சாட்சியம் எடுத்து அறிக்கையும் வெளியிட்டது. 81ஐப் பற்றிப் பேசினால் எல்லாரும் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைச் சொல்வார்கள், சொல்லத்தான் வேண்டும். இரண்டு மாதம் கழித்து இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானை, பலாங்கொடைப் பக்கத்து லயங்கள் எரிந்ததை எங்கள் ஆட்களே இப்போது விவரமாகச் சொல்வதில்லை. அந்த நேரம் அப்பாவை இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டம் ஒன்றுக்கு மாற்றியிருந்தார்கள். பின்னேரம் பஸ் கண்டக்டர் ஒருவர், சிங்களவர், கடை வாசலில் இறங்கி அப்பாவிடம், இன்றைக்கு வீட்டில் படுக்க வேண்டாம் மாத்தயா என்று சொல்லிவிட்டு மறுபடி ஏறிப் போனார். றப்பர் மலைக்குள் படுத்தோம். அட்டை ஏறியது, யாரும் தட்டிவிடவில்லை, அசைந்தால் சத்தம் கேட்கும் என்று. கீழே தகரம் வெடிக்கும் சத்தம். என் பக்கத்தில் படுத்திருந்த கிழவர் ஒருவர் ஒவ்வொரு சத்தத்துக்கும் எந்தக் காம்பரா என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: இது ராமாயி வீடு, இது பெரிய கங்காணி வீடு, இது நம்ம வீடு. தோட்டத்தில் இருந்த ஒரே துவக்கு வாட்ச்சரின் ஒற்றைக் குழல். அது ஆபீஸுக்குள் பூட்டிக் கிடந்தது.

அன்றைக்கு அந்த வெப்ளி அப்பாவின் கையில் இருந்திருந்தால் என்ற யோசனை பல வருடம் என்னை விடவில்லை. வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருந்த யோசனை. ஆனால் அன்றிரவு மலையில் படுத்த ஆண்களில் அதை யோசிக்காதவர் இருந்திருக்க மாட்டார். இப்போது மச்சான் கேட்ட பிறகு முதல் தடவையாக அதை முடிவு வரைக்கும் யோசித்துப் பார்த்தேன். ஆறு ரவை. கூட்டத்தில் எத்தனை பேர்? அதில் முன்னால் வந்தவர்களில் சிலரின் முகம் எங்களுக்குத் தெரிந்த முகம். பக்கத்து ஊர்க் கடைக்காரரின் மகன் ஒருவன், அப்பாவிடம் கைமாற்று வாங்கியவன் ஒருவன். முதல் வெடி அவர்களில் ஒருவனுக்கு. அந்த வெடி பொலிஸ் புத்தகத்தில் முதல் வரியாக ஏறும். தகரம் வெடித்ததெல்லாம் அதற்குப் பின்னால் வந்த வரியாகிவிடும். ஆறும் முடிந்த பிறகு துவக்கை ஒடித்து, இருட்டில், நடுங்குகிற கையால், களிம்பேறிய ரவைகளை ஒவ்வொன்றாக... வேண்டாம். எரிந்தது கூரைகள். நாங்கள் உயிரோடு இறங்கி வந்தோம். அப்பா ஒரு வெடி வைத்திருந்தால் அந்த மலையை விடியும்வரை வளைத்திருப்பார்கள்.

இதைக் கணக்காகச் சொல்லிவிட முடிகிறது. ஆனாலும் அந்தக் குரல் அடங்கிவிட்டது என்று எழுத மாட்டேன். உயிர் தப்பியது வேறு, ஒன்றும் செய்யாமல் படுத்துக் கிடந்தது வேறு. இரண்டாவதற்கு எந்தக் கணக்கும் மருந்தில்லை. எங்கள் தோட்டத்திலிருந்து சில குடும்பங்கள் வவுனியாப் பக்கம் போய்க் காந்தியம் அமைப்பின் பண்ணைகளில் குடியேறின. காந்தியின் பெயரை வைத்த அமைப்பு. அதை நடத்திய டொக்டர் இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறைக்குள் அடித்துக் கொல்லப்பட்டார். துவக்கில்லாத இடத்திலிருந்து ஓடிப்போனவர்களின் பிள்ளைகளைத் துவக்கு அங்கே தானாகத் தேடி வந்தது. திரும்பி வந்தவர்கள் சிலர். வராதவர்களின் பெயர்களை இங்கே எழுதி அவர்களின் அம்மாமாரை மறுபடி அழ வைக்க எனக்கு மனமில்லை.

வெளியிலிருந்து வருகிறவனைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டோம். துவக்கு பெரும்பாலும் வீட்டுக்குள்ளே இருக்கிறவர்கள் பக்கம் திரும்பும் என்பதைத் துவக்கு மலிந்த அமெரிக்காவில் படித்துப் பார்த்திருக்கிறார்கள். 1993இல் வைத்தியர் ஆதர் கெலர்மனும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வில், வீட்டில் துவக்கு இருப்பதோடு வீட்டில் கொலை நடக்கும் அபாயம் ஏறத்தாழ 2.7 மடங்கு சேர்ந்து காணப்பட்டது. கொன்றவர் பெரும்பாலும் குடும்பத்தவர் அல்லது அறிந்தவர். அந்த ஆய்வின் முறையைக் குறை சொல்பவர்களும் உண்டு. எங்களுக்கு அமெரிக்கா வரை போகத் தேவையில்லை. தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் கிருமிநாசினிப் போத்தலைத் தெரியும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் லயத்தில் ஒரு சண்டை, ஓர் அவமானம், ஒரு குடிவெறி. கைக்கெட்டும் தூரத்தில் போத்தல். அடுத்த நாள் காலையில் கோபம் ஆறியிருக்கும், ஆள் இருக்க மாட்டார். 1995 அளவில் இந்த நாட்டில் இலட்சம் பேருக்கு 47 பேர் அளவில் தற்கொலை செய்துகொண்டார்கள். கடும் நச்சுக் கிருமிநாசினிகளை அரசு படிப்படியாகத் தடைசெய்தது. பின்னர் பராகுவாட்டையும் எடுத்தார்கள். அடுத்த இருபது வருடத்தில் அந்த வீதம் பாதிக்கும் கீழே விழுந்தது. மனிதரின் கஷ்டம் குறைந்துவிடவில்லை. குடி குறையவில்லை, கடன் குறையவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பொருள் மட்டும் இல்லாமல் போனது. அந்த வெறுமையான ஒரு நிமிடத்தில் கை நீட்டி ஒன்றும் அகப்படாதவர்களில் மிகப் பலர் இன்று பேரப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மச்சானின் அலுமாரி லாச்சியை நினைத்துப் பார்க்கிறேன். அவனுக்குக் கோபம் சட்டென்று வரும். கல் வியாபாரத்தில் ஒரே நாளில் ஏறவும் செய்யலாம், விழவும் செய்யலாம்; விழுந்த நாட்களில் அவன் எப்படி இருந்தான் என்று எனக்கும் அக்காவான என் மனைவிக்கும் தெரியும். வழிப்பறிக்காரன் அவன் வாழ்நாளில் ஒருமுறை வரலாம், வராமலும் போகலாம். அந்த மாதிரி இரவுகள் வருடா வருடம் வருகின்றன. இதை அவனிடம் நேரே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அக்கா சொல்லிக் குடுத்துச்சா?" என்றான். இல்லை என்றேன். நம்பினானா தெரியாது.

என் பதில் இதுதான்: வாங்காதே. கொழும்புக்குத் தனியே போகாதே. காசைக் கையில் தூக்காதே, பெங்க்கில் போட்டு மாற்று. கல்லைக் கொண்டுபோகும் நாளைச் சந்தையில் சொல்லாதே. மறித்தால் கொடுத்துவிடு, கல் மண்ணில் கிடைத்தது, இன்னொன்று கிடைக்கும். இதில் வீரம் ஒன்றும் இல்லை என்று அவன் சொன்னான். இல்லைதான்.

பேச்சு அதோடு முடிந்திருக்கும். அன்று அங்கே பலாங்கொடைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்திருந்த எங்கள் உறவுக்காரப் பையன் ஒருவனும் இருந்தான். காட்டுப் பன்றி மரவள்ளியைத் தோண்டிவிடுகிறது, குரங்கு ஒன்றையும் மிச்சம் வைப்பதில்லை, பயிர்க்காவலுக்கென்று ஒரு சொட்கன்னுக்கு எழுதிப் போடலாமா என்று கேட்டான். பக்கத்து ஊரில் சிலர் சட்டவிரோதமாகக் கட்டுத் துவக்கு வைக்கிறார்கள். கொழுந்துக்குப் போகிறவர்கள் காலில் வெடி வாங்குகிறார்கள். அதைவிட லைசன் எடுப்பது நல்லதில்லையா என்பது அவன் வாதம். நியாயமான கேள்வி. பயிரைக் காக்கத் துவக்குக் கேட்பவனிடம் எந்தக் காணியின் பயிர் என்று கச்சேரி கேட்கும். காணி உறுதி எங்கே? ஐந்து தலைமுறையாக அவன் குடும்பம் அந்த மலையில் இருக்கிறது. காம்பரா கம்பனியுடையது, தோட்டம் அரசிடமிருந்து கம்பனி குத்தகைக்கு எடுத்தது, மரவள்ளி நட்ட துண்டு யாருடையது என்று கேட்டால் சிரிக்கிறான்.

1946இல் கேகாலை மாவட்டத்து உருளவள்ளித் தோட்டத்தைக் கிராம விஸ்தரிப்புக்கென்று அரசு எடுத்துத் தொழிலாளரை வெளியே போகச் சொன்னபோது, போக மாட்டோம் என்று லயத்திலேயே உட்கார்ந்துகொண்டார்கள். அதற்காக வேலைநிறுத்தம் நடந்தது, வழக்கும் நடந்தது. கையில் ஒரு துவக்கும் இல்லாமல் எங்கள் ஆட்கள் இந்த மாவட்டத்தில் நடத்திய பெரிய சண்டை அது. கேட்டதும் இருக்கிற இடத்தில் இருக்கும் உரிமையைத்தான். 77இலும் 81இலும் எரித்தவர்களுக்குத் தெரிந்திருந்தது, ஓடிப்போகிறவன் திரும்பி வந்து என் காணி என்று கேட்க அவன் கையில் ஒரு தாளும் இல்லை என்று. ஏழு பேர்ச்சஸ் காணியும் உறுதியும் தருவதாகப் பல வருடமாகச் சொல்கிறார்கள். சப்ரகமுவவில் அதைக் கையில் வாங்கியவர்கள் சொற்பம். சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் சின்னத் தோட்டங்கள் நாங்கள். நுவரெலியாவைப் போல வாக்குப் பலமும் கிடையாது.

பையனுக்குச் சொன்னதையே இதை வாசிக்கும் எங்கள் பக்கத்து ஆட்களுக்கும் சொல்கிறேன். கச்சேரிக்குப் போங்கள், பிரதேச செயலகத்துக்குப் போங்கள், எம்.பி.யிடம் போங்கள், சொட்கன் படிவத்தை எடுப்பதற்கு முன் காணி உறுதிக்கு எழுதிக் கொடுங்கள். கொடுத்ததற்குத் திகதி போட்ட பற்றுச்சீட்டு ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.